சூசையின் ஓவர்டைம்

பெங்களூருக்குப் புறப்படுகிறவன் கழுத்தில் மப்ளர் இல்லாமல் போகக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். சித்திரை வெயிலில் சென்ட்ரல் ஸ்டேஷனில் நான் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒரு பெரியவர் தன் சம்சாரத்திடம், "தொண்டையில ஏதோ கட்டி போலிருக்கு, பாவம்" என்றார். எட்டு வருஷம் பெங்களூரில் குப்பை கொட்டியவன் நான். சித்திரையில் அங்கேயும் வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மனைவிக்கு மைசூர் ராஜ்யம் என்றால் ஏறக்குறைய இங்கிலாந்து. வாதாடிப் பயனில்லை.

போன காரியம் சந்தோஷமானதல்ல. என் சிநேகிதன் சூசைராஜ் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். தந்தி என் கைக்குக் கிடைத்தபோது அடக்கமே முடிந்திருந்தது. பிறகு அவன் மனைவி ரெஜினாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு அவசியம் வரவேண்டும் என்று மூன்று வரி. அதற்குக் கீழே ஒரு வரி: "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஒருவர்தான் உண்மையைச் சொல்ல முடியும்."

என்னைப் பற்றி இப்படி ஒரு நம்பிக்கையை அதுவரை யாரும் எழுத்தில் தெரிவித்ததில்லை. ரயிலில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

காலையில் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஜட்கா பிடித்தேன். முதல் மேட்டிலேயே வண்டிக்காரர், "கொஞ்சம் எறங்கிக்கோ சாப், குதிரைக்கு வயசாச்சு" என்றார். இறங்கினேன். இரண்டாவது மேட்டில், "பின்னால கை வெச்சு லேசா தள்ளு சாப்" என்றார். தள்ளினேன். விவேக் நகர் வரைக்கும் என் பெட்டி சவாரி வந்தது; நான் நடந்து வந்தேன். மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் அதன் உபயோகம் விளங்கியது.

சூசையை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்த புதிதில் கண்டோன்மெண்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். அடுத்தடுத்த மேஜை. நடுவில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல். நான் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு கோப்பின் மேல் மூக்கை வைத்திருந்தவன் திடீரென்று நிமிர்ந்து, "அதோ பாரு, காலிபிளவர்" என்றான். யாரோ கூடையோடு வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்தேன். அவன் காட்டியது வானத்தை. அடிவானத்தில் ஒரு வெள்ளை மேகம் பூப்பூவாகக் கொழுத்துக்கொண்டிருந்தது.

"மூணு மணிக்குக் காலிபிளவர். நாலு மணிக்குத் தலை தட்டையாகும், கொல்லன் பட்டறைக் கல்லு மாதிரி. அஞ்சு மணிக்கு அது எங்கேயோ ஊத்தும். எங்கேன்னுதான் கேள்வி. வர்றியா?"

"எங்கே?"

"அது எங்க போகுதோ அங்கே."

மெட்ராஸ் மழை சர்க்கார் உத்தரவு மாதிரி. வருவதற்கு முன்னால் பத்து நாள் பேச்சு, வந்துவிட்டால் பத்து நாள் அமல். பெங்களூர்ச் சித்திரை மழை அப்படியல்ல. நாலு மணிக் காப்பிக்கு வரும் விருந்தாளி; யார் வீட்டில் நுழையும் என்று கடைசி நிமிஷம் வரை தெரியாது. சிவாஜி நகரில் வெள்ளம் ஓடும்போது ஜீவனஹள்ளியில் வற்றல் காயும். அந்த விருந்தாளி நுழையும் வீட்டுக்கு அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதுதான் சூசையின் ஆசை. எனக்கு என்ன ஆசை என்று இன்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. ஆபீசை விட்டு வெளியே போவதாக இருந்தால் நான் எதன் பின்னாலும் போயிருப்பேன்.

ஆளுக்கு ஒரு சைக்கிள். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலம் போனபோது வாங்கிய ரெயின்கோட்டு இரண்டு. என்னுடையது ஏதோ ஆறரை அடி வெள்ளைக்காரனுக்குத் தைத்தது. அது செயினில் மாட்டி என்னை மூன்று முறை சாக்கடையில் தள்ளியிருக்கிறது. மழையை அளக்க ஒரு பித்தளை டம்ளர். தூரத்தை அளக்க சூசையிடம் ஒரு தனி முறை இருந்தது. மின்னல் வெட்டியதும் பிரியதத்த மந்திரத்தை ஆரம்பிப்பான். மாதா கோயில் செபமாலையில் ஐம்பது தடவை சொல்வார்களே, அந்த மந்திரம். இடி கேட்கும்போது ஒரு மந்திரம் முடிந்திருந்தால் இரண்டு மைல். பாதியில் கேட்டால் ஒரு மைல். ஆரம்பித்த சூட்டிலேயே கேட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் படுக்க வேண்டும்.

நான் ஆரம்பத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு பதினாறில் சிக்கிக்கொண்டு, தலைக்கு மேல் இருந்த இடியைப் பத்து மைல் என்று அறிவித்தேன். அதன் பிறகு நானும் மந்திரத்துக்கு மாறினேன். என் அறை இருந்த ஜீவனஹள்ளியில் வீட்டுக்காரம்மா ஒரு நாள் மின்னல் நேரத்தில் நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, "கோபாலு கிறிஸ்து வேதத்துல சேர்ந்துட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தை மாசம் எனக்குப் பொங்கல் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எதிர் வீட்டிலிருந்து கேக் வந்தது. மொத்தத்தில் லாபம்தான்.

நாங்கள் துரத்திய மேகங்களில் பாதிக்கு மேல் எங்களை ஏமாற்றின. ஒரு நாள் ஹொசகோட்டே பக்கம் பதினைந்து மைல் மிதித்து, ஒரு ஆலமரத்தடியில் டம்ளரை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. திரும்பி வந்தால், என் அறைக் கொடியில் காயப்போட்டிருந்த இரண்டு சட்டையும் தொப்பலாகச் சொட்டிக்கொண்டிருந்தன. மழை நேராக என் வீட்டுக்கு வந்து, நான் இல்லையென்று கேட்டுவிட்டுப் போயிருந்தது. சூசை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சிரித்தான்.

அகப்பட்ட நாட்களும் உண்டு. ஒரு தடவை ஆலங்கட்டி. சூசை தொப்பியைக் கழற்றிப் பிடித்தான், நிறைந்துவிட்டது. ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து இரண்டு பேரும் மிட்டாய் மாதிரி ஒவ்வொன்றாகச் சப்பினோம். அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். "மழையைப் பாக்கக் கண்ணாடி எதுக்குடா? அதுவே வந்து மேல விழுதே" என்றான். அவன் முகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நனைந்த முகம்தான். காய்ந்த சூசை எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை.

அப்புறம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. ரெஜினா பள்ளிக்கூட டீச்சர். எல்லாவற்றிலும் தைரியசாலி, இடியைத் தவிர. முதல் உறுமலுக்கே ஜன்னல்களைச் சாத்தி, கண்ணாடிக்குத் துணி போட்டு, குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளி எரிப்பாள். "அவ வீட்டுல ஓலையை எரிச்சு இடியை விரட்டுறா. நான் அதைத் துரத்திக்கிட்டுப் போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்" என்று சூசை சொல்வான். ஆனால் அவளிடம் சொல்லமாட்டான்.

கல்யாணமான முதல் சித்திரையில் ஒரு சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு என்னிடம் வந்து நின்றான். "இப்படியே வீட்டுக்குப் போனா என்னடா சொல்றது?"

"ஓவர்டைம்னு சொல்லு."

"நனைஞ்சிருக்கேனே?"

"ஆபீஸ் கூரை ஒழுகுதுன்னு சொல்லு."

அந்த நிமிஷத்தில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நாலு வருஷம் முன்பு எனக்கு மெட்ராஸுக்கு மாற்றலாயிற்று. அதன் பிறகு சூசையிடமிருந்து கார்டுகள் மட்டும் வந்தன. "நேற்று ஆனேக்கல் பக்கம் ஆலங்கட்டி. நீ இல்லை." இவ்வளவுதான் இருக்கும். முக்கால் கார்டு காலி.

இந்த ஞாபகங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு, ஜட்காவையும் தள்ளிக்கொண்டு, வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரெஜினா கதவைத் திறந்தாள். கறுப்புச் சேலை. இளைத்திருந்தாள்.

"வாங்கண்ணா. நடந்தா வந்தீங்க?"

"இல்லம்மா, வண்டியில."

வண்டிக்காரர் பின்னால் நின்று சிரித்தார். துக்க வீட்டில் காலடி வைக்கும்போதே ஒரு பொய். எனக்கு வாயில் அப்படியொரு ராசி.

மத்தியானம் எனக்காகத் தனிப் பாத்திரத்தில் சாம்பாரும், தேங்காய் போட்ட பீன்ஸும் செய்திருந்தாள். நான் மாமிசம் சாப்பிடமாட்டேன் என்பதை மறக்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. சாயங்காலம் ஏழெட்டுப் பேர் செபமாலை சொல்ல வந்தார்கள். சூசையின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி. பக்கத்து வீட்டுத் திரேசம்மாள் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொன்னார்கள். நான் மூலையில் உட்கார்ந்து மரியாதையாகத் தலையைக் குனிந்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மின்னல் வெட்டியது. சரியாக அதே சமயம் திரேசம்மாள் ஒரு புது மந்திரத்தைத் தொடங்கினாள். ஒன்று முடிந்தது. இன்னொன்று பாதி ஆயிற்று. இடி.

"மூணு மைல்!" என்றேன்.

உரக்கவே சொல்லிவிட்டேன். ஏழெட்டுத் தலைகளும் திரும்பின. திரேசம்மாள் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டாள். மப்ளர் கையில் இருந்தால் அதற்குள் புகுந்துகொண்டிருப்பேன். ரெஜினா மட்டும் என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

எல்லோரும் போனதும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "என்ன மூணு மைல்?"

"சும்மா... வாய் தவறி..."

"அவரும் அப்படித்தான். செபமாலை நடுவுல 'ரெண்டு', 'நாலு'ன்னு முணுமுணுப்பாரு. யாரையோ பாக்கப் போறதுக்கு நாள் எண்றாருன்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "அண்ணா, உங்க ஆபீஸ் கூரை ஒழுகுமா?" என்றாள்.

நான் சூசையின் படத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு வருஷம் அந்தக் கூரைக்காக நான் வேண்டிக்கிட்டேன். மெழுகுவத்தி ஏத்தினேன். ஒரு நாள் மழை பிடிச்சுக்கிச்சு, ஓவர்டைம்ல இருப்பாரேன்னு குடையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். பியூன் பூட்டிக்கிட்டு இருந்தான். 'ஓவர்டைமா? இந்த ஆபீஸ் பொறந்ததுலேர்ந்து கெடையாதும்மா' என்கிறான். அண்ணாந்து பாத்தேன். காங்கிரீட் கூரை."

"அவனைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்."

வெளியே இடி இன்னொரு முறை உருண்டது. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். "அடக்கத்தன்னிக்கு ஒரு பொம்பளை வந்தா. யாருன்னு யாருக்கும் தெரியல. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அப்படி அழுதா. நான்கூட அப்படி அழல. சந்தாபுராவுலேர்ந்து வர்றேன்னு திரேசம்மாகிட்ட சொல்லியிருக்கா. இந்த ஒரு மாசமா தெருவுல எல்லாரும் எங்கிட்ட ரொம்ப அன்பா நடந்துக்கிறாங்கண்ணா. அதான் தாங்கல. சொல்லுங்க. எத்தனை வருஷமா?"

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலிபிளவர், டம்ளர், பிரியதத்தம், ரெயின்கோட்டு, சாக்கடை. ஓவர்டைமும் ஒழுகும் கூரையும் என் சரக்குதான் என்பதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. நாற்பது வயது குமாஸ்தாக்கள் இருவர் மேகத்தின் பின்னால் சைக்கிளில் போனார்கள் என்பதைவிட, சந்தாபுராவில் ஒரு பெண் இருந்தாள் என்பது எவ்வளவோ நியாயமாகப் பட்டது.

"அந்தப் பொம்பளை யாரு?"

"தெரியாதும்மா. சத்தியமா."

"உங்க சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் ரெஜினா. கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் சொல்வது போலச் சொன்னாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சந்தாபுரா போறோம்."

மறுநாள் பூசை முடிந்து பத்து மணிக்கு ஓசூர் ரோட்டில் பஸ் ஏறினோம். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர் இரண்டு சேவல்களோடு உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு சேவலுக்கு என் மப்ளரின் நிறம் பிடிக்கவில்லை. கழற்றிப் பைக்குள் வைத்தேன். ரெஜினா முன் சீட்டில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள்.

வழியில் ஒரு ஏரிக்கரையில் புஸ்ஸென்று ஆவி கிளம்பி பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. சேவல்காரர் கன்னடத்தில், "இது தினமும் இங்கேதான் தண்ணீர் குடிக்கும். நல்ல பிராணி, இடத்தை மறக்காது" என்றார். கண்டக்டர் வாளியோடு ஏரிக்குள் இறங்கினார்.

மரத்தடியில் நின்றபோதுதான் எனக்கும் சந்தேகம் வந்தது. சூசை என்னிடம் எதையும் மறைக்கமாட்டான் என்றுதான் எட்டு வருஷம் நினைத்திருந்தேன். ஆனால் அந்த முக்கால் காலிக் கார்டுகள்? நாலு வருஷம் தனியாக அந்த ஆனேக்கல் பக்கமே போயிருக்கிறான்; சந்தாபுரா அந்த வழியில்தான் இருக்கிறது. ஒரு பெயர்கூட எழுதவில்லை. அந்தப் பெண் இருந்துவிட்டால், அதற்கு ஓவர்டைம் என்று ஒரு பாதை போட்டுக் கொடுத்தவன் நான். எதிரே ரெஜினா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் அவளை நிமிர்ந்துகூடப் பாக்கல. நல்ல உயரமாம்" என்றாள் திரும்பாமலே. "திரேசம்மா சொன்னா."

சந்தாபுராவில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். பெங்களூரிலிருந்து சைக்கிளில் ஒருத்தர் வருவாரே, ஒல்லியாக, கண்ணாடி போட்டு, என்று ஆரம்பிப்பதற்குள் கடைக்காரர், "மழைக்காரரா?" என்றார். "அவரு இங்கல்லாம் நிக்கமாட்டாரு. நேரா முனியம்மாகிட்டதான் போவாரு. அதோ, சூளை."

ரெஜினாவின் கையில் கைக்குட்டை நின்றுவிட்டது. நான் டீயை முழுசாகக் குடிக்காமலே கிளம்பினேன்.

வயலைத் தாண்டிச் செங்கல் சூளை. பரந்த களம் முழுக்க, இன்னும் சுடாத பச்சைக்கற்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பெண் இரண்டு ஆட்களை ஏக காலத்தில் திட்டிக்கொண்டிருந்தாள். உயரம் உண்மைதான். என்னைவிட ஒரு சாண் அதிகம். வயது அறுபதுக்குக் குறையாது. வாயில் புகையிலை. பக்கத்துக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருந்தார், அவள் புருஷன்.

அவள் ரெஜினாவைப் பார்த்ததும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ஓடி வந்தாள். "யம்மா, நீ அவரு சம்சாரந்தானே? அன்னிக்குப் பொட்டிகிட்ட பாத்தேனே! வா தாயி, நெழல்ல குந்து." என்னைப் பார்த்து, "இது யாரு?"

"அவரோட சிநேகிதர்."

"ஓ, சாக்கடையில வுழுவாரே, அவரா?"

இப்படித்தான் என் புகழ் சந்தாபுரா வரை பரவியிருந்தது.

ரெஜினா உட்காரவில்லை. "அவர் இங்க எதுக்கு வருவாரு?" என்று கேட்டாள்.

"எதுக்கா? என் உசிரை வாங்கறதுக்கு!" என்றாள் முனியம்மா. "நாலு வருசம் முந்தி ஒரு நாளு, வானம் கறுத்துகினு வருது, நாங்க அடிச்சுப் புடிச்சு கல்லை மூடறோம், இந்த மனுசன் களத்து நடுவுல ஒரு டம்ளரை வெச்சுகினு அண்ணாந்து பாத்துகினு நிக்கறாரு. 'யோவ், கையில கீறதைப் போட்டுட்டு வந்து வைக்கோலைத் தூக்குய்யா'ன்னு கத்தினேன். தூக்கினாரு. அன்னிலேர்ந்து மேகம் கெளம்பினா, அதுக்கு முன்னாடி இவரு சைக்கிள்ல வந்து நிப்பாரு. 'முனியம்மா, மூடு, ஒரு மணியில வருது.' பச்சைக்கல்லு மேல தண்ணி பட்டா சேறு தாயி. சூடு காட்டறதுக்கு முந்தி அதுக்கு உசிரே கெடையாது."

நாங்கள் மேகத்தின் பின்னால் ஓடினோம். நான் போன பிறகு அவன் அதற்கு முன்னால் ஓடப் பழகியிருக்கிறான். எனக்கு எழுதாததன் காரணமும் புரிந்தது. எழுதியிருந்தால் நான் கேலி செய்தே கொன்றிருப்பேன்.

"நல்லா சொல்லுவாரோ?" என்றேன்.

"மண்ணு! பத்து தபா சொன்னா மூணு தபா பெய்யும். மிச்சம் ஏழு தபா நான் வெயில்ல கல்லை மூடிகினு பைத்தியம் மாதிரி நிப்பேன். மூடின கல்லு காயாது, சூளையில ஏத்த முடியாது, ஆளுங்க சிரிப்பானுங்க. போன மாசி மாசம் இப்பிடித்தான் ரெண்டு நாள் வேலையைக் கெடுத்தாரு. 'இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதேய்யா'ன்னுட்டேன். போயிட்டாரு." அவள் குரல் இறங்கியது. "போனவரு வரவே இல்ல. ஒரு நாளு அடிச்சுது பாரு மழை, காலம் கெட்ட மழை. யாரும் சொல்லல. களம் மொத்தமும் கரைஞ்சு போச்சு. எனக்கு வந்துச்சு ஆத்திரம். வராதேன்னா நெசமாவே வராம இருக்கறதா? நாலு கேள்வி கேட்டுட்டு வரலாம்னு பஸ் ஏறி, விசாரிச்சுகினு உங்கூட்டுக்கு வந்தா, பொட்டியில படுத்துகினு கீறாரு. திட்ட வந்த வாயி, இன்னா செய்யும்? அழுதேன்."

கட்டிலில் இருந்த கிழவர் இருமினார்.

"உம்மேல கோவிச்சுக்கிட்டு வராம இல்ல" என்றாள் ரெஜினா. "எழுந்திருக்க முடியல. அந்த மழையன்னிக்கு மத்தியானம், 'ரெஜினா, கிழக்கால என்ன இருக்கு, பாத்துச் சொல்லு'ன்னாரு. நான் பாக்கல. கிழக்கால எவளோ இருக்கா, அதான் கேக்கறாருன்னு மனசுல நெனச்சுக்கிட்டு ஜன்னலைச் சாத்திட்டேன். 'ஒண்ணும் இல்ல'ன்னுட்டேன்."

அப்போதுதான் உட்கார்ந்தாள். முனியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று முனியம்மா பிடித்துக்கொண்டாள். ராகிக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்பது எட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மென்றேன். இரண்டு தாடையும் ஒட்டிக்கொண்டன. அதனால் அடுத்த பத்து நிமிஷம் என்னால் பேச முடியவில்லை. அது எல்லோருக்கும் நல்லதாகவே இருந்தது.

வாய் விடுபட்ட நேரத்தில் கிழக்கே பார்த்தேன். காலிபிளவர். அதுவும் லேசில் இல்லை, குவியல் குவியலாக. தலை தட்டையாக ஆரம்பித்திருந்தது. களத்து ஆட்களும் பார்த்துவிட்டார்கள். முனியம்மா என்னிடம் வந்தாள். "நீதான் அவரு கூட்டாளியாச்சே. சொல்லு. மூடலாமா, வேணாமா? ஒரு களம் ஏற்கெனவே போச்சு. இன்னொண்ணு போனா நான் ஆளுங்களோட சொந்த ஊரு தர்மபுரிக்கே திரும்ப வேண்டியதுதான்."

நான் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தேன். விரலை எச்சில் பண்ணிக் காற்றில் நீட்டினேன். ஒரு மின்னல் வெட்டியது. மந்திரத்தை ஆரம்பித்தேன். நாலு முடிந்து, ஐந்தாவதும் முடியும் தறுவாயில் இடி. "பத்து மைல். காத்து வடக்கேயிருந்து அடிக்குது. தெற்கால போயிடும். மூட வேண்டாம்" என்றேன், ஒரு நிபுணனுக்குரிய கம்பீரத்தோடு.

"மூடுங்க" என்றாள் ரெஜினா.

திரும்பிப் பார்த்தேன். களத்து ஓரத்தில் நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடிக்குக் கண்ணாடியை மூடுகிற ரெஜினா, கண் கொட்டாமல்.

"இல்லம்மா, காத்து..."

"மூடுங்க. வருது." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கினாள்.

அதன் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. ஆட்கள் ஓடினார்கள். தென்னங்கீற்று, வைக்கோல், சாக்கு, ஒன்று விடாமல் வந்தது. நானும் தூக்கினேன், என் மப்ளர்கூட ஒரு அரை கஜ வரிசையை மூடியது. கறுப்புச் சேலை முழுக்கச் செம்மண்ணாக ரெஜினா வரிசைக்கு வரிசை ஓடினாள். ஒவ்வொரு மின்னலுக்கும் தோள் குலுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. முக்கால் மணியில் ஒரு கல் வெளியே தெரியாமல் மூடிவிட்டோம். மூச்சு வாங்க நின்று வானத்தைப் பார்த்தோம்.

மேகம் வந்தது. பக்கத்தில் வந்தது. சற்று யோசித்தது. பிறகு தெற்கே ஓசூர்ப் பக்கமாகத் திரும்பி, ஒரு மாட்டு வண்டி போகிற நிதானத்தில் போய்விட்டது. வெயில் பளிச்சென்று அடித்தது. ஒரு சொட்டு இல்லை.

வானத்தைப் பற்றி என் வாழ்நாளில் நான் சரியாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதைக் கவனிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. முனியம்மா இடுப்பில் கை வைத்து ரெஜினாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா, கண்ணு எங்க வெச்சுகினு பாத்தே? வருது வருதுன்னு குதிச்சியே, எங்க, காட்டு! இத்தனையும் இப்ப யாரு பிரிக்கறது? சாயங்காலத்துக்குள்ள காயுமா இது? நல்லா வந்து வாச்சீங்க புருசனும் பொஞ்சாதியும், ஒண்ணு மாத்தி ஒண்ணு, என் களத்தைக் கெடுக்கறதுக்குன்னே!"

ஆட்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். நான் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். ரெஜினா கையைக் காட்டி என்னை அடக்கினாள். அவள் முகம் வியர்வையும் மண்ணுமாக இருந்தது; கண்ணீரும் இருந்திருக்கலாம்.

"அவரையும் இப்படித்தான் திட்டுவியா?"

"இதுக்கு மேலயும் திட்டுவேன்! டம்ளரைப் புடுங்கி வீசியிருக்கேன். கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாருய்யாம்பேன். உன்னையெல்லாம் நம்பி ஒருத்தி எப்பிடிக் குடும்பம் நடத்தறாளோம்பேன்..."

முனியம்மாவுக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினாள். ரெஜினா ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"குடிச்சுட்டுச் சொல்லு" என்றாள். "அவர் அதுக்கு என்ன சொல்வாரு?"